சிங்கப்பூர் விமானம் வரும் நேரம்

விமானத்தில் நான் ஏறியதே இல்லை, ஐயா. ஆனாலும் பொகவந்தலாவைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து கொழும்பு இரத்மலானை விமான நிலையத்துக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், வீரய்யாவைக் கேளுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. பள்ளிக்கூடத்து யேசுரட்ணம் மாஸ்டரிடம் பெரிய தேசப்படம் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, ஓரத்தில் போட்டிருக்கும் மைல் கோட்டில் வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு மைல். விமானம் மணிக்கு முந்நூறு மைல் போகுமாம். அங்கே நமக்கு முன்பே விடிந்துவிடுவதால், மேற்கே பறந்து வருகிறவனுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்றும் மாஸ்டர் சொன்னார். காலையில் ஏறினால் மத்தியானம் இரத்மலானை. கார் பிடித்தால் இருட்டுவதற்குள் தோட்டம்.

என் அண்ணன் ஆண்டியப்பன் பெரிய கங்காணி, தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். பல வருசமாக அவர் பெயரில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரித்துவிட்டவன் நான். மழையில் நனைந்ததும் துரையிடம் ஏச்சு வாங்கியதும் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தன் மகன் சிவசாமியைச் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு அந்த வேலையில் வைக்கப்போவதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவன் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன். கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்களில் கொள்ளி வைத்தவனுக்குத்தான் கருமாதியன்று தலையில் உருமால் கட்டுவார்கள். அவனைத்தான் ஆட்கள் அடுத்த கங்காணியாக ஏற்பார்கள்.

அண்ணன் திங்கட்கிழமை காலையில் இறந்தார். வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். சிவசாமிக்குத் தந்தி போயிற்று. அண்ணி அழகம்மா பிணத்தின் காலை விடவில்லை.

"எம்புள்ள வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"பிளேன் நேரா வராதுங்க அண்ணி. மெட்ராஸ்ல எறங்கி மாறி வரணும். மூணு நாளாகும். அதுவரைக்கும் அண்ணன இப்படியே போட்டு வைக்கலாமா?" என்றேன்.

என் கணக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. அன்று சாயங்காலமே கொள்ளி வைத்தேன். உண்மையாகவே அழுதேன். அண்ணனின் நகங்கள் நிறம் மாறியிருந்தன. எங்கள் ஆட்கள் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிணம் பார்த்துப் பழகிய சிவசாமி கவனிப்பான்.

அவன் மறுநாள் இருட்டுவதற்குள் வந்துவிட்டான். என் கணக்கு சரியாகவே இருந்தது.

"மூணு நாளாகும்னு யாரு சித்தப்பா சொன்னது?" என்று மட்டும் கேட்டான்.

துக்கம் விசாரிக்க வந்திருந்த மாஸ்டர் என்னைப் பார்த்தார். "வீரய்யா, சனிக்கிழமை நாம பார்த்தப்போ ஒரே நாள்ல வந்துடலாம்னுதானே கணக்கு வந்திச்சு?"

அண்ணி தலையைத் தூக்கினார். "சனிக்கிழமையா? அன்னைக்கு அவரு நல்லாத்தானே இருந்தாரு. அப்ப எதுக்கு அந்தக் கணக்கப் பார்த்தீங்க?"

என் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு அதில்தான் மனசு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கஞ்சியில் புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கலந்தது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவரை அநாதையாகச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி வரைக்கும் அவர் தலை என் மடியில்தான் இருந்தது. தாகம் என்று கேட்டபோதெல்லாம் மிச்சக் கஞ்சியைப் புகட்டினேன். "நீதாண்டா தம்பி எனக்குப் புள்ள" என்றார். அவரே அப்படிச் சொன்ன பிறகு, நான் கொள்ளி வைத்ததில் என்ன தப்பு?