உள்மூலை உத்தரம்

என் தம்பிக்குக் கணக்கு நன்றாக வரும், ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நூலகத்தில் அவன் தப்பு செய்தது ஒரே ஒரு இடத்தில்தான்.

கட்டடங்களின் பலத்தைக் கணக்கிடுவது எங்கள் இருவருக்கும் தொழில், ஒரே அலுவலகம். அந்த நூலகம் ‘ட’ எழுத்தைப் போல மடங்கிய கட்டடம். காற்று ஒரு சுவரைத் தள்ளினால் அந்தத் தள்ளலைக் கூரைதான் வாங்கி மற்றச் சுவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தம்பி இரண்டு பகுதியையும் தனித்தனிக் கட்டடமாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தான். இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கூரைகள் சேரும் உள்மூலையைக் காற்று இரண்டு பக்கமும் பிய்த்து இழுக்கும். அங்கே ஓர் இரும்பு உத்தரம் கூரையோடு ஓடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் அது இல்லை.

வரைபடம் என்னிடம் சரிபார்க்க வந்த அன்றே அது என் கண்ணில் பட்டுவிட்டது. சொல்லித்தான் இருப்பேன். ஆனால் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் முதலாளி எதிரில், "அண்ணன்கிட்ட விட்டா கோழிக்கூண்டுக்கும் கோட்டைச் சுவர் வைப்பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். கூரை கொஞ்சம் விரியும், மழை ஒழுகும், என்னிடம் ஓடி வருவான் என்றுதான் நினைத்தேன்.

நூலகம் கட்டித் திறந்த பிறகு, புயல் அடித்த ஒரு மதியம் தம்பி அதற்குள்ளிருந்து போன் செய்தான். படிக்க வந்தவர்களோடு மழைக்கு ஒதுங்கியவர்களும் நிறைந்திருந்தார்களாம்.

"அண்ணா, உள்மூலையில கூரை நெரியுற சத்தம் கேக்குது. எல்லாரையும் வெளிய அனுப்பிடவா?"

அனுப்பு என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். எனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடும்.

"புதுக் கூரை அப்படித்தான் சத்தம் போடும். பயப்படாத" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்."

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சற்று நேரத்தில் கூரை உள்மூலையில் கிழிந்து, சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேரைத்தான் உயிரோடு எடுத்தார்கள். தம்பியின் உடலைக் கடைசியில் எடுத்தார்கள். அவர் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்று அவன் மனைவி அழுதாள். கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஆமாம், போனில் பயப்படாதே என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. அத்தனை பேரையும் மழையில் நிறுத்திவிட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் அவனுக்கு எவ்வளவு தலைகுனிவு? கூடப் பிறந்த அண்ணன், நான் அதற்கு எப்படி விடுவேன்?