கப்பலில் வரும் வால்வு

எனக்குக் கடுமையான வார்த்தை ஆகாது. வீட்டுப் பூனையைக்கூட அதட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. விசாரணை அதிகாரியான உங்களுக்கு என்னைப் புரிந்துகொள்ள உதவும்.

எங்கள் நிறுவனத்துக்கு நாற்பது நாடுகளில் கிளைகள். இந்தக் கிளையில் மீனை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். தலைமையகம் கடலுக்கு அப்பால். இங்கே ஒரு வால்வை மாற்றவும் ஓர் அறையை மூடவும் அங்கிருந்து அனுமதி வரவேண்டும். மீறினால் வேலை போய்விடும். கீழே எழுதுவதை அவர்கள் மொழியில் மேலே அனுப்புவதும், மேலிருந்து வருவதை நம் மொழியில் கீழே சொல்வதும் என் வேலை. பதவியின் பெயர் 'தகவல் பாலம்'. பாலத்துக்குத் தனி மேசையும் சுழல் நாற்காலியும் உண்டு.

குளிர் அறை மெக்கானிக்கின் முதல் கடிதத்தை உள்ளது உள்ளபடியேதான் மொழிபெயர்த்து அனுப்பினேன். 'அமோனியா வாயு வால்வு இற்றுவிட்டது. இப்படியே விட்டால் ஆள் செத்துப்போகும்.' இயக்குநரின் செயலாளர் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். திங்கட்கிழமைக் காலையில் இப்படியொரு வாக்கியத்தைப் படித்ததில் இயக்குநருக்குக் காபி இறங்கவில்லையாம். வால்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'மகிழ்ச்சியான தகவல் தொடர்பு' என்ற நாற்பது பக்கக் கையேட்டை அனுப்பிவைத்தார்.

அன்று பிரார்த்தனையில் மனமுருகி வேண்டிக்கொண்டேன்: என் எழுத்தால் இனி எவர் மனமும் நோகக்கூடாது.

அடுத்த கடிதத்தை, 'குளிர் அறை உற்சாகமாக இயங்குகிறது. ஒரு வால்வு மட்டும் கொஞ்சம் அன்பை எதிர்பார்க்கிறது' என்று அனுப்பினேன். இயக்குநரிடமிருந்து சிரித்த முகப் படம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களை நான் அனுப்பவில்லை. சிரித்துக்கொண்டிருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது?

ஆனால் மெக்கானிக் வந்து நிற்பார்.

"என்ன சார், மேல இருக்கறவங்க உயிரோடதான இருக்காங்க?"

முகம் வாடியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தலைமையகத்தின் பெயரில் நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன்: 'புது வால்வு கப்பலில் வருகிறது.' அந்த ஒரு வரியில் அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கப்பல் ஏழு வாரம் வந்துகொண்டே இருந்தது. குளிர் அறைக்குள் மீன் அடுக்கும் அக்காள்கள் இருவர் அவரைச் சீண்டுவார்கள்.

"என்னண்ணே, வால்வு கப்பலேறிச்சா, இல்ல உங்க மானம்தான் கப்பலேறிச்சா?"

"சிரிங்க, சிரிங்க. வந்து எறங்கட்டும், உங்க ரெண்டு பேர் கையாலயே பெட்டியப் பிரிக்க வெக்கிறேன்."

ஏழாவது வாரத் திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு வந்தார். சிரிக்கவில்லை.

"சார், கப்பல் எங்க இருக்குன்னு உண்மையச் சொல்லுங்க. லேட்டாகும்னா நானே அறைய மூடிடறேன். வேலை போனாப் போகுது. அக்காங்க நாளெல்லாம் உள்ளதான நிக்கறாங்க."

அவருக்கு இரண்டு பிள்ளைகள். வேலை போக விடுவேனா? துறைமுகத்துக்கு வந்துவிட்டது, வியாழக்கிழமை இங்கே இருக்கும் என்றேன்.

"அப்பாடா. அப்ப மூணு நாள் எப்படியாவது தள்ளிடலாம். வயித்துல பால வார்த்தீங்க சார்."

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வால்வு விட்டுப்போய் அறை முழுக்க வாயு பரவியது. அக்காள்களை இழுத்துவர அவர் உள்ளே ஓடினாராம். மூவரும் வெளியே வரவில்லை.

கப்பல் எதுவும் கிடையாது, ஐயா. வால்வை யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். ஒப்புக்கொள்கிறேன். மெக்கானிக்கின் மனைவிக்குத் தலைமையகத்தின் பெயரில் இரங்கல் கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றி சொல்லி அழுதார். எவ்வளவு நல்லவர்கள் என்றார்.

நீங்கள் தட்டச்சு செய்து தந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். 'மூவர் மூச்சுத் திணறி இறந்தனர்' என்ற இடத்தில் 'மூவர் நீண்ட விடுப்பில் உள்ளனர்' என்று மாற்றிவிட்டேன். உங்கள் மேலதிகாரியும் இதைக் காலையில்தானே படிப்பார். அவருக்கும் காபி இறங்க வேண்டும் அல்லவா.