இரண்டு கையாலும்

எனக்குத் தூசி தட்டுவது பிடிக்கும். மெல்லிய முடித் தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு, யாரும் பேசாத காலை நேரத்தில். மற்றவர்களுக்கு அது வேலை. எனக்கு ஓய்வு.

நீங்கள் அலமாரியில் பார்த்தது புஷ்பராகம். பட்டை தீட்டியதல்ல. பூமிக்குள் எப்படி வளர்ந்ததோ அப்படியே, தேன் நிறத்தில், வெள்ளைத் தாய்ப்பாறையின் மேல் நிமிர்ந்து நிற்கும் படிகம். அன்று காலைவரை அதன் முனையில் ஒரு சிராய்ப்பும் இல்லை. அவ்வளவு பெரிய படிகம் அப்படிக் கிடைப்பது அபூர்வம். சேகரிப்பவர்கள் வந்தால் அதன் முன்னால் பேச்சு மறந்து நிற்பார்கள். எடுப்பதானால் தாய்ப்பாறையை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். படிகத்தில் விரல் படக் கூடாது. வெயிலும் ஆகாது. அந்த நிறம் வெளுத்தால் வெளுத்ததுதான்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். கணவனோடு ஒத்துப்போகாமல் என்னிடம் வந்து சேர்ந்தவள். நான் முகம் சுளிக்கவில்லை; காற்று வரும் அறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அவள் வந்தபின் வீடு கலகலத்தது, அதை மறுக்கமாட்டேன். கல்லுக்கு மகாராணி என்று பேர் வைத்தாள். மகாராணி தூங்கினாளா, கோபமாக இருக்கிறாளா என்று தினமும் விசாரிப்பாள்.

"இதைக் கட்டிக்கிட்டே காலத்தை ஓட்டிடுவ போலிருக்கேக்கா," என்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

அன்று கடைக்குப் போய்த் திரும்பியபோது அலமாரி திறந்து கிடந்தது. அவள் மொட்டைமாடியில், கைப்பிடிச்சுவரின் மேல் உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயிலில், படிகத்தின் கழுத்தைப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கிவைத்திருந்தாள்.

"ஒரு தடவை வெளிச்சத்துல பாருக்கா. உள்ள நெருப்பு எரியுது. பாவம், இதைப் போய் ஜெயில்ல போட்டு வச்சிருக்க."

இறங்கச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. எனக்கு எட்டக் கூடாதென்று பின்னால் சாய்ந்தாள், விளையாட்டுக்குத்தான். அப்படியே வெளிப்பக்கம் சரிந்துவிட்டாள். ஒரு கை சுவரைப் பற்றியது. கால்விரல் கீழ்த்தளத்து ஜன்னலின் மேல்விளிம்பில் எங்கோ ஊன்றியிருக்க வேண்டும். மற்றக் கை, கல்லோடு, என் பக்கம் நீண்டது.

"அக்கா, பிடி."

பிடித்தேன். தாய்ப்பாறையை, இரண்டு கையாலும். எதைப் பிடிக்கச் சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் தெளிவாகச் சொல்லவில்லை.

உள்ளே கொண்டுபோய் வெல்வெட்டின் மேல் வைத்தேன். லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்த்தேன். முனைக்குச் சற்றுக் கீழே, கடுகளவு, சில்லு பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். மாடியிலிருந்து கூப்பிடுவது கேட்டது. பிறகு அதுவும் ஓய்ந்தது. அலமாரியைப் பூட்டிவிட்டு ஏறிப் போனேன்.

அவள் அங்கேயேதான் இருந்தாள். இப்போது இரண்டு கையும் சுவரின் மேல். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அக்கா, அது உடையலல்ல?"

"உடஞ்சிருச்சு," என்றேன்.



என் கைகள் இரண்டும் காலியாக இருந்தன. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, அவசரப்படாமல் எடுத்துவிட்டேன். எந்தப் பொருளையும் எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு நகம்கூடச் சிதையவில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.