மச்சான் வெட்டின ஸ்பிரிங்

ஹலோ... ஆமா, நான்தான்... யாரு? ... அடேங்கப்பா, மச்சானா! பதினோரு மாசம் கழிச்சு தங்கச்சி புருஷன் நம்பர் ஞாபகம் வந்துச்சாக்கும்? ... இருக்கேன், இருக்கேன், உசுரோடதான் இருக்கேன். தோள்பட்டை எலும்பு கூடிருச்சு. கைய மேல தூக்கினா மட்டும் சுருக்குன்னு உங்க நெனப்பு வரும்... இல்ல, இன்னைக்கு லீவு, வீட்லதான். சொல்லுங்க.

... ம்... ம்... காரைத் தாழ்வா இறக்கணுமா? எவ்ளோ? ... மூணு இன்ச்சா! தரையத் தடவிக்கிட்டே போகணுமாமா அவருக்கு? ... சரி, சரி, கஸ்டமர் ஆசை. இப்ப என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ... வெட்டிட்டீங்களா? மறுபடியுமா? ... ஒண்ணரைச் சுத்து... கட்டிங் மெஷின் வச்சு... ஆமா, ஆமா, அஞ்சு நிமிஷ வேலை. ஜாக்கி போட்டுத் தூக்கினதும் ஸ்பிரிங் கழண்டு லொடலொடன்னு ஆடுதா? ... ஆடும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்துலயே இருக்கு, ஸ்பிரிங் குட்டையாயிருச்சு. சக்கரம் கீழ தொங்கினா ஸ்பிரிங் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? உங்க மீசையையா?

... கத்தாதீங்க, வச்சிருவேன்... ஆங், அப்படி வாங்க வழிக்கு.

... தெரியும். எந்தக் காருக்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக்னு உங்க பட்டறையில எட்டு வருஷம் நான்தானே பொறுக்கிப் போட்டேன். நீங்க சேர்ல உக்காந்து காது கொடைஞ்சீங்க... எப்ப வர்றாரு? ... நாலு மணிக்கா? இப்பவே ரெண்டரை. பாவம்.

சொல்றேன். மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அன்னைக்கு நான் ஓட்டிப் பாக்க எடுத்துட்டுப் போன காரு... அதுல ஸ்பிரிங்க வெட்டினது யாரு? ... உங்களுக்குப் பழசு. எனக்கு இல்ல. வேகத்தடை ஏறி இறங்கினதும் ஸ்பிரிங் நழுவுச்சு, வண்டி இழுத்துட்டுப் போய்ச் சுவத்துல சொருகுச்சு. உள்ள நான் மயக்கத்துல கெடக்கேன், ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு உங்க தங்கச்சிகிட்ட, உன் புருஷன் தண்ணியப் போட்டுட்டு ஓட்டினான்னு சொன்னீங்க... சொல்லலையா? அப்புறம் ஏன் எந்தப் பட்டறையும் என்னைச் சேக்கல? ஏன் நான் டயருக்குக் காத்தடிச்சிட்டு இருக்கேன்? தினமும் சாயங்காலம் உங்க தங்கச்சி வாசல்லயே நிறுத்தி வாய ஊதச் சொல்றா மச்சான். செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி ஊதணும். புள்ள பாத்துட்டு நிக்குது... சிரிக்காதீங்க.

... மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கங்க. வெட்டினது யாருன்னு வாயத் தொறந்து சொல்லணும், அவ்ளோதான்... ஆமா, ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். உங்க தங்கச்சி எதிர்லயே உக்காந்திருக்கா. மடிச்சிட்டிருந்த துணிய அப்படியே வச்சுட்டா... அவ பேசமாட்டா, கேப்பா. நீங்க பேசுங்க... கேக்கல... இன்னும் சத்தமா... ம்... யாரு வெட்டினது? ... வெட்டாதீங்கன்னு நான் சொன்னேனா இல்லையா? ... ம்... குடிச்சிருந்தேனா? ... ஒரு சொட்டு? ... ம்.

கேட்டியாடி?

... சரி மச்சான், எழுதிக்கங்க. பேச்சுன்னா பேச்சா இருக்கணும். மூணு இன்ச்ச மறந்துருங்க, ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடிவயிறு இடிக்கும். ஒண்ணரை போதும்னு அவர்கிட்ட சொல்லுங்க... பின்னாடி எத்தனை பேர் உக்காருவாங்க? ... மூணு பேரா? அப்ப முன்னாடிக்கு ஒண்ணரை இன்ச் குட்டை ஸ்பிரிங், பின்னாடிக்கும் அதே குட்டை, ஆனா கம்பி இன்னும் கனமா. வெட்டினது இல்ல, குட்டையாவே செஞ்சு வர்றது... ஆமா, ஆமா. ஆனா அதோட பழைய ஷாக்கப் போட்டீங்க, திரும்ப இதே லொடலொடதான். ஷாக்கையும் ஜோடியா மாத்தணும். எந்த ஷாக்னா... இருங்க, ஒரு நிமிஷம். போனைக் கேக்கறா. எந்திரிச்சே வந்துட்டா... இந்தா, பேசு, உங்கண்ணன்தானே...

ஏய்! என்னடி, கட் பண்ணிட்ட? எந்த ஷாக்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே...

திரும்ப அடிக்குது பாரு. எடுக்கவா?

... சரி. அடிக்கட்டும்.