ஆயுத பூஜையில் வைத்த கபடி மேட்

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை காலை, ஜொகூர் பாரு, பெர்மாஸ் ஜெயா வட்டாரக் காவல் நிலையத்தில், விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் முன்னிலையில் சொல்லப்பட்டது.

என் பெயர் லோஷினி. தகப்பனார் பெயர் காளிதாஸ். வயது இருபத்தொன்று. சொந்த ஊர் லாயாங் லாயாங். தற்சமயம் பெர்மாஸ் ஜெயாவில் ஷர்மினி என்ற தோழியுடன் வாடகை அறையில் தங்கி, இங்குள்ள ஒரு சிறிய தனியார் கல்லூரியில் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படித்து வருகிறேன். கல்லூரியின் பெண்கள் கபடி அணிக்கு நான் தலைவி, ஷர்மினி துணைத்தலைவி. எனக்கு மலாய் நன்றாக வரும். ஆனால் வேகமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்றால் தமிழில்தான் வாய் ஓடும் என்பதால் தமிழில் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் அவர்கள் அதை மலாயில் மாற்றி எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

கல்லூரியில் மாணவர் தொகை குறைந்துவிட்டதால் விளையாட்டு நிதியும் குறைந்துவிட்டது. அந்த நிதியைப் பார்த்துக்கொள்பவர் மேலாளர் திரு. தியாகராஜன். இந்த செமஸ்டர் தொடக்கத்தில் அவர் எங்களைக் கூப்பிட்டு, ஆண்கள் ஃபுட்சால் அணிக்கு மட்டும்தான் நிதி தாங்கும் என்றார். "ஃபுட்சால் பசங்க படம் போட்டா அட்மிஷன் வருது. நீங்க விழுந்து பொரள்ற படத்த போட்டா யார்மா வருவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாங்கள் நேரே கல்லூரி இயக்குநர் அம்மாவிடம் போனோம். அவர், இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட ஆடாமல் விட்டுக்கொடுக்கக் கூடாது, அப்படி விட்டால் அணியைக் கலைத்துவிடுவேன், விடாமல் ஆடி முடித்தால் அணி இருக்கும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அரையிறுதி சனிக்கிழமை, தங்காக் கல்லூரி அணியுடன், எங்கள் இடத்தில் நடப்பதாக இருந்தது. கல்லூரிகளுக்கிடையிலான இந்தப் போட்டியில் யார் இடத்தில் ஆட்டமோ அவர்கள்தான் மேட் போட வேண்டும். மேட் என்பது ஒன்றோடொன்று கோத்துத் தரையில் விரிக்கும் கெட்டியான ரப்பர் பாய். மேட் இல்லையென்றால் ஆட்டம் இல்லை, புள்ளி எதிரணிக்குப் போய்விடும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மேட்.

அதற்கு முந்திய புதன்கிழமை சரஸ்வதி பூஜை. எங்கள் கோச் வீரமுத்து அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எல்லைப் பாலத்தில் ஜாமில் மாட்டிக்கொண்டு, "ஆயுதத்த பூஜையில வச்சிடுங்கம்மா, ஞாபகம் இருக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். கபடிக்கு என்ன ஆயுதம்? பந்து இல்லை, மட்டை இல்லை. மேட்தான். நான் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் போகலாம் என்றேன். ஷர்மினி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு துண்டுக்கு மட்டும் பூஜ போட்டா, மத்த துண்டுல விழுந்து கால் ஒடஞ்சா நீ பொறுப்பா லா?" என்று கேட்டாள். அதன் பிறகு ஷர்மினியின் அப்பா காய்கறி ஏற்றும் லாரியைக் கொண்டுவந்தார். அணி மொத்தமும் சேர்ந்து முழு மேட்டையும் தூக்கி ஏற்றினோம். வாயிற்காவலர் எங்கே போகிறது என்று கேட்டார். கோயிலுக்கு என்றோம். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். எழுத்துமூலம் அனுமதி வாங்கினாயா என்றால் வாங்கவில்லை. சாமிக்குக் கொண்டு போகிற பொருளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள முனீஸ்வரர் ஆலய மண்டபத்தில் மேட்டை முழுக் களமாகவே விரித்தோம். அடுக்கி வைத்தால் எல்லாத் துண்டுக்கும் பொட்டு வைக்க முடியாது. ஆலயச் செயலாளர் ஐயாசாமி அவர்கள், "அலமாக்! கார்காரங்க எல்லாம் சாவிதான் கொண்டு வருவாங்க, நீங்க ரோட்டையே கொண்டு வந்துட்டீங்களே!" என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் இடம் விட்டார். சுற்றிலும் லாரிச் சாவிகளும் மடிக்கணினிகளும் முடிதிருத்தகத்துக் கத்தரிக்கோல்களும் ஒரு வெல்டிங் முகமூடியும் இருந்தன, நடுவில் எங்கள் மேட். ஒவ்வொரு துண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு மூலைகளிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அன்று மாலை திரு. தியாகராஜன் என்னிடம் தொலைபேசியில் பேசினார். மேட் எங்கே என்று கேட்டார். பூஜையில் இருக்கிறது என்றேன். "ஒடனே கொண்டு வா" என்றார். "சார், நாளைக்குக் காலைலதான் எடுக்கணும் சார்" என்றேன். எங்கள் பயிற்சிமேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று ஒரு கணம் மகிழ்ந்துகூடப் போனேன். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு குரல், லாரி வந்து நிற்கிறது, வியாபாரம் உண்டா இல்லையா என்று மலாயில் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டை விற்றுவிட்டார்! சனிக்கிழமை வெறுந்தரையைக் காட்டி, ஆட்டத்தை எங்களையே விட்டுக்கொடுக்கவைத்து, அணியைக் கலைக்கப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு அவர் வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கே வந்தார். வாங்க வந்தவர் திரு. லிம், உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், மண்டபத்தை எட்டிப் பார்த்தார், பொட்டையும் பழத்தையும் கண்டார், அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டார். சாமியிடம் இருக்கும் சாமானைத் தான் தொடமாட்டேன், பூஜை முடிந்து முறையாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் லாரியோடு போனார். திரு. தியாகராஜன் முகம் கறுத்துவிட்டது. அன்றே இந்த நிலையத்துக்கு வந்து, கபடி அணித் தலைவி லோஷினி கல்லூரிச் சொத்தைத் திருடிவிட்டாள் என்று புகார் கொடுத்தார். என் பெயருக்குப் பக்கத்தில் திருடி என்று எழுதிக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை முடிந்ததும், வைத்த ஆயுதத்தை ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும் என்பதால் நாங்கள் களத்தில் இறங்கினோம். நான் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு ஷர்மினியின் காலைத் தொடப் போன நேரத்தில் இன்ஸ்பெக்டர் அவர்களும் இரண்டு காவலர்களும் உள்ளே வந்தார்கள். கூடவே திரு. தியாகராஜன். நான் மூச்சை விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டுத்தான் வணக்கம் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் இரு தரப்பையும் கேட்டார்கள். திரு. தியாகராஜன் மேட்டை அப்போதே தம்மிடம் ஒப்படைக்கச் சொன்னார். அதற்கு இன்ஸ்பெக்டர், திருட்டு என்று நீங்களே புகார் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே இது வழக்குப் பொருள், விசாரணை முடியும்வரை இதை யாரும் தூக்கக்கூடாது, விற்கக்கூடாது, கண்ட இடத்திலேயே செயலாளர் பொறுப்பில் இருக்கட்டும் என்றார்கள். அப்போது ஷர்மினி கையைத் தூக்கி, "சார், தூக்கக்கூடாது, சரி. மேல வெளையாடலாமா சார்?" என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். "நவுத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றார்கள். (இந்த இடத்தில் சாட்சி கை தட்டினார். அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்.)

அதன் பிறகு சனிக்கிழமை ஆட்டம் ஆலய மண்டபத்திலேயே நடந்தது. செயலாளர் அன்னதானம் போட்டார். வீரமுத்து அண்ணன் விடுப்பு எடுத்து வந்தார். கல்லூரித் திடலில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க இருபது பேர் வந்தால் பெரிது. அன்று மண்டபத்துத் தூண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். இயக்குநர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஃபுட்சால் பையன்களும் வந்து எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பாதியில் நான் விழுந்து எழுந்ததும் நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். என் முழங்கையில் ரத்தம், வெளியே போ என்றார். பார்த்தால் குங்குமம்! துடைத்துக் காட்டினேன். அதற்குள் தங்காக் பெண்களின் முதுகிலும் முழங்காலிலும் சிவப்பு. நடுவர் ஒவ்வொருவராகத் துடைக்கச் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

எதிரணிக் களத்துக்குள் "கபடி" பாடிப் போகும் கடைசிப் பாட்டு என்னுடையது. நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். நான் போனேன். ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள், ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள், மூன்றாமவள் மேலேயே விழுந்தாள். மூச்சு முடியப் போகிறது, கோடு ஒரு கை தூரம். (சாட்சி எழுந்து தரையில் படுத்துக் காட்டினார். நாற்காலியில் அமரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்.) நான் கையை நீட்டினேன். விரல் கோட்டைத் தொட்டது! பிடித்த மூன்று பேரும் அவுட், எங்களுக்கு மூன்று புள்ளி. ஒரு புள்ளியில் ஜெயித்தோம் சார்! என்மேல் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியாது, ஷர்மினி அழுதது மட்டும் காதில் கேட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் இதற்கு முன் இருந்ததில்லை.

இயக்குநர் அம்மா என்னிடம் வந்து, "ஃபைனலும் ஆடிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். இறுதியாட்டம் வரும் சனிக்கிழமை. புள்ளிப்பட்டியலில் நாங்கள் மேலே இருப்பதால் அதுவும் எங்கள் இடத்தில்தான். மேட்டும் நாங்கள்தான் போட வேண்டும்.

நேற்று திரு. தியாகராஜன் எனக்குச் செய்தி அனுப்பினார். நடந்தது நடந்துவிட்டது, பெண் பிள்ளை பெயர் போலீசில் இருக்க வேண்டாம், பெரிய மனது பண்ணிப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். புகார் போய்விட்டால் வழக்குப் பொருளும் போய்விடும். பூஜையும் முடிந்துவிட்டது, இனி திரு. லிம்முக்கும் தடை இல்லை. சாயந்திரத்துக்குள் மேட் லாரி ஏறிவிடும்.

ஆகவே நான் இன்ஸ்பெக்டர் அவர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். தயவுசெய்து வரும் சனிக்கிழமை முடியும்வரை என்மீது உள்ள திருட்டுப் புகாரைத் திரும்பப் பெற விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். அதுவரை நான் திருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இதுவரை சொன்னது யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல, நான் கண்டதும் செய்ததும்தான். வாசித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது. கடைசிப் பாட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கலாம்.

(ஒப்பம்)
கா. லோஷினி
தலைவி, பெண்கள் கபடி அணி

பதிவு செய்தவர் குறிப்பு: சாட்சியின் வேண்டுகோள் குறித்துக்கொள்ளப்பட்டது. மேலும் சிலரை விசாரிக்க வேண்டியிருப்பதால் வழக்கு இவ்வாரம் முடிய வாய்ப்பில்லை. வழக்குப் பொருள் இருக்கும் இடம்: ஆலய மண்டபம். நிலை: விரித்தபடி.

(ஒப்பம்)
இன்ஸ்பெக்டர் திருச்செல்வம்