ஜன்னலோர ஈசரின்

— அந்தப் புட்டிய அப்படியே கீழ வை, கோரின்.

— இல்ல லெஸ்யா, வந்து... இன்னும் ஒரே ஒரு அட்டைப்பூச்சிதான் சோதிக்கப் பாக்கி. வியாழக்கிழமை ஆய்வுக் குழு முன்னாடி முடிவ வெச்சாகணும்.

— என்னன்னு வெக்கப் போற?

— இந்த ஈசரின் மருந்த ஊத்தினாலும் அட்டையோட தசை கூடுதலா சுருங்கலன்னு. நரம்போட செய்திய அழிக்கிற நொதிய அது தடுக்கணும், தசை பலமா துடிக்கணும். அப்படித்தான் எல்லாரும் எழுதியிருக்காங்க. எனக்கு முப்பத்தஞ்சு அட்டை, ஒண்ணுகூட துடிக்கல.

— அதுல பெருமை வேற. ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பாரு. என்ன நிறம்?

— இளஞ்சிவப்பு.

— தண்ணியாட்டம் இருக்கணும், பொண்ணே. வெளிச்சம் பட்டா சிவக்கும். சிவந்தா மருந்து செத்துப்போச்சு. இருபத்தாறு வருஷமா இந்த ஆய்வகத்துக்கு நான்தான் கரைச்சு வெக்கிறேன், எனக்குத் தெரியாதா?

— அதோட நிறமே அதுதான்னு நெனச்சேன்.

— நான் சுத்தி வெச்ச அலுமினியத் தாள் எங்க?

— வந்து... லேபிள் உள்ள மாட்டிக்கிச்சு. படிக்கப் பிரிச்சேன். டிராயர்ல மடிச்சு வெச்சிருக்கேன்.

— மடிச்சு வெச்சிருக்காளாம்! மருந்து வெயில் காயுது, தாள் பத்திரமா தூங்குது.

— மொதல்ல ஆறு அட்டை நல்லா துடிச்சுது. என் கை பழகலன்னு அத ஒதுக்கிட்டேன்.

— அடிப் பாவி. அந்த ஆறுதான் நெசம்.

— அப்போ இந்த நாலு மாசம்...

— சாயத்தண்ணி. யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?

— யாரக் கேக்குறது? நான் ஞாயித்துக்கிழமைகூட வர்றேன். வெளிய மைனஸ் முப்பது, உள்ள ஹீட்டர் சத்தம். சில வாரம் இந்த அட்டைங்ககிட்ட மட்டும்தான் பேசியிருக்கேன்.

— மத்த நாள் பக்கத்து அறையில நான் இருக்கேனே. பத்தரைக்குக் காபி போடுறேன். ரெண்டு கோப்பை வெக்கிறேன்.

— ரெண்டாவது யாருக்கோன்னு நெனச்சேன்.

— வந்த மொத வாரமே “நானே பாத்துக்கிறேன்”னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டவ நீ.

— திருப்பல. எனக்கு... ஆளப் பாத்துப் பேச வராது. உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்.

— ம். சரி, அழாத. குழுகிட்ட ஒரு மாசம் தவணை கேளு. நான் புதுசா கரைச்சுத் தர்றேன். உன் நோட்டுல நவம்பர் ஒம்போதுலேர்ந்து எல்லாத்தையும் அடிச்சுடு.

— நோட்ட நான் உங்ககிட்ட காட்டவே இல்லையே. ஒம்போதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— புட்டியக் குடு, கொட்டிட்டு வர்றேன்.

— லெஸ்யா?

— அன்னிக்குத்தான் மொதல்ல சிவந்துச்சு. தினமும் பாத்தேன். “இது ஏன் இந்த நிறம்”னு ஒரு தடவை நீ வந்து கேப்பன்னு, அந்த ரெண்டாவது கோப்பைய வெச்சுக்கிட்டே இருந்தேன்.