தன் கவுண்டரிலேயே டோக்கன் எடுத்துக் காத்திருந்தவருக்கு

நம் வங்கியின் வொன்கோக் கிளை ஞாயிற்றுக்கிழமை கவுண்டரிலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் துணை மேலாளர் திருமிகு நம்கூங் சோக்-ஜே அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

கடல் கடந்த காசுக்குக் கரை காட்டிய கண்ணியரே! ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போரின் ஊதியத்தை உரியவர் கையில் ஒப்படைத்த உத்தமரே! ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே நேபாளத்துக்கும் வியட்நாமுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ஞாயிறுதோறும் போய்வந்தவரே! கடவுச்சீட்டில் ஒரு முத்திரையும் இல்லாத உலகப் பயணியே! வணக்கம்.

தலைமையகத்திலிருந்து வந்த பெரியவர்கள் தங்கள் மடலைச் சற்று முன்பு வாசித்து, வாழ்த்தி, கிம்பாப் சோற்றுச் சுருள் தீர்ந்ததும் விடைபெற்றுவிட்டார்கள். அந்த மடல் மிகச் சிறந்தது. அதில் உங்கள் பெயர் வரும் இடங்களில் மட்டும் எழுத்து சற்றுப் பெரிதாக இருந்ததை நாங்கள் கவனித்தோம். அது மரியாதைக்காக என்றே எடுத்துக்கொள்கிறோம். இப்போது ஷட்டர் இறக்கியாயிற்று. ஹீட்டரும் நிறுத்தியாயிற்று. கூடத்தில் நீங்களும் நாங்கள் மூவரும் மட்டுமே. ஆகவே எங்கள் மடலைத் துணிந்து வாசிக்கிறோம்.

கேள்வி கேட்பதில் கரைகண்டவரே! அயல்நாட்டுக்குப் பணம் அனுப்ப வருபவரிடம் விதிமுறை கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு? பணம் எதற்காக? நீங்களோ அதோடு நிறுத்தியதில்லை. அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, தம்பி பரீட்சை எழுதினானா, போன மாதம் போட்ட கூரை மழைக்குத் தாங்கியதா என்று நீங்கள் விசாரித்து முடிப்பதற்குள் வரிசை வாசல் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். வரிசை நீளுவது பற்றி மேலிடத்துக்குப் புகார் போனது. புகார் எழுதியவரும் அடுத்த வாரம் வந்து, தன் மாட்டுக்குக் கன்று பிறந்த சேதியை உங்களிடம் கால் மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார்.

பன்வோல் பட்டறைகளிலிருந்து வருகிறவர்கள் ஞாயிறு காலையில் சம்பளம் முழுவதையும் அப்படியே மேசைமேல் வைப்பார்கள். வெல்டர் ஒய்பெக் முதன்முதலாக அப்படி வைத்தபோது நீங்கள் பணத்தைத் தொடாமல் அவனைப் பார்த்தீர்கள்.

"மொத்தத்தையும் அனுப்பிட்டு நீ என்னத்தைச் சாப்பிடுவ? வெல்டிங் ராடையா?"

"கம்பெனில சோறு போடுறாங்க அண்ணே."

"ஞாயித்துக்கிழமை?"

ஐம்பதாயிரம் வோனைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினீர்கள். "இதை உள்ள வை. இது நீ உனக்கே அனுப்பிக்கிறது. கட்டணம் கிடையாது."

பணம் அனுப்பியானதும் எவரும் எழுந்து போய்விட முடியாது. ரப்பர் செடிக்குப் பக்கத்தில் கிடக்கும் நீல நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். இது வங்கியின் விதியன்று, உங்கள் விதி. என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தவர்களே அதிகம். "பணம் போட்டாச்சுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை அவங்க பேசுவாங்க" என்பீர்கள். அப்படியே நடந்தது. வாரம் முழுதும் இயந்திரங்களோடு மட்டும் இருந்த வாய்கள் அந்த நாற்காலியில்தான் திறந்தன. சிலர் பேசி முடித்தபிறகும் எழுந்திருக்கவில்லை. துடைக்கவேண்டிய தேவையே இல்லாத செடியின் இலைகளை எங்கள் துயெட் அந்த நேரத்தில் துடைத்துக்கொண்டிருப்பார், அவர்களை எழுப்பாமல் இருப்பதற்காக.

இதுவரை வாசித்த பகுதி கண்ணாடிச் சட்டம் போட்டு உங்களிடம் தரப்படும். இனி வாசிக்கப்போவது சட்டத்துக்குள் வராது.

நேர்மையில் நெறி பிறழாதவரே! தன் பணத்தைத் தானே அனுப்பக்கூடாது என்பது ஊழியர்களுக்கான விதி. அதை வேறு மேலாளர்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கண்ணைக் காட்டினால் வேலை முடிந்துவிடும் என்று கேள்வி. நீங்களோ மாதத்தின் கடைசி ஞாயிறன்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கவுண்டரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, இயந்திரத்தில் டோக்கன் கிழித்து, பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். முதல் முறை பார்த்த ஒய்பெக்குக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கும் டோக்கனா? இந்த ஊர்ல நியாயம் இருக்குபோல."

"எனக்கு முன்னாடி நீதானே இருக்க? அப்புறம் என்ன நியாயம்?" என்றீர்கள்.

உங்கள் எண் வந்ததும் கவுண்டரில் இருக்கும் எங்கள் பே உன்-ஹ்யே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தன் மேலாளரிடமே அந்த இரண்டு கேள்விகளையும் கேட்பார். உறவு? மனைவி. எதற்காக? வாழ்க்கைச் செலவு. சில மாதங்களில், மகள், படிப்பு. பதினொரு ஆண்டுகள் ஆக்லாந்துக்குப் போன பதில்கள் இவ்வளவே. மற்றவர்களிடம் முட்டிவலி வரை விசாரிக்கும் உங்களிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்க எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை.

பிள்ளை அயல்நாட்டில் படிக்கட்டும் என்று மனைவியையும் கூட அனுப்பிவிட்டு, இங்கே தனியாக இருந்து சம்பாதித்து அனுப்பும் அப்பாக்களை இந்த ஊரில் காட்டுவாத்து அப்பா என்பார்கள். காட்டுவாத்தாவது ஆண்டுக்கு ஒருமுறை கடல் தாண்டிப் பறந்து குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரும். டிக்கெட் வாங்கும் பணம் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணம் என்று கணக்குப் போட்டுப் பறக்காமலே இருந்துவிடுகிறவர் பென்குயின் அப்பா. "நான் பென்குயின். கோட்டுகூடப் போட்டிருக்கேன் பாருங்க" என்று நீங்களே சொல்வீர்கள். நாங்களும் சிரிப்போம். அது நல்ல நகைச்சுவை என்பதாலேயே நிறைய நாள் சிரித்துவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. நீல நாற்காலியில் நீங்கள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பணம் போனதும் குடும்பக் குழுவுக்குக் குறுஞ்செய்தி ஒன்று தட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவீர்கள். கேட்டால், நான் ஊழியன், நாற்காலி வாடிக்கையாளருக்கு என்பீர்கள். துயெட் விடவில்லை: "டோக்கன் எடுக்கிறப்ப கஸ்டமர், நாற்காலின்னா ஸ்டாஃபா? நல்லா இருக்கு சார் உங்க சட்டம்."

இந்த வசந்தத்தில், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பி வந்தது. போகிற வழியில் ஒரு வங்கியும் வருகிற வழியில் ஒரு வங்கியும் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தன. பெறுபவரின் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்பது காரணம். பே உன்-ஹ்யே அதைத் திரையில் பார்த்துவிட்டு நண்பகல் வரை உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எப்படிச் சொல்வது என்று எங்களைக் கேட்டார். வேறு ஒருவருக்குத் திரும்பி வந்தால் எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் என்றார் துயெட். ஆகவே உங்களைக் கவுண்டருக்கு முன்பக்கம் வரச்சொல்லி, நிற்கவைத்துச் சொன்னார்.

"சார், பணம் திரும்பி வந்திருக்கு. அவங்க கணக்கை மூடிட்டாங்க. வீட்டுல கேட்டுச் சொல்லுங்க."

நீங்கள் குறுஞ்செய்திதான் அனுப்பினீர்கள். பதில் உடனே வந்தது. அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினீர்கள், வாசிக்கும்போது புன்னகைத்தீர்கள்.

"பொண்ணுக்கு ஜனவரிலயே வேலை கிடைச்சிருச்சாம். அம்மாவும் பேக்கரில வேலைக்குப் போறாளாம். இனிமே பணம் தேவையில்லன்னுதான் அந்தக் கணக்கை மூடினாங்களாம். அம்மா சொல்லியிருப்பான்னு பொண்ணு, பொண்ணு சொல்லியிருப்பான்னு அம்மா. நல்ல சேதிதான். நல்ல சேதிதானே?"

நல்ல சேதிதான் என்றோம்.

அதற்கடுத்த மாதக் கடைசி ஞாயிறன்றும் நீங்கள் கோட்டைக் கழற்றினீர்கள். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனீர்கள். டோக்கன் கிழித்து, பெஞ்சில் நேபாளிகளுக்கும் வியட்நாமியருக்கும் நடுவில் உட்கார்ந்தீர்கள். உங்கள் எண் அழைக்கப்பட்டதும் உங்களுக்குப் பின்னால் இருந்தவரிடம் அந்தச் சீட்டை நீட்டி, "நீ போ, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே வந்தீர்கள். மே, ஜூன், கோடை முழுதும், இலையுதிர் காலத்திலும் அப்படியே. நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம். அவ்வாறு இருப்பதில் இப்போது நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டோம்.

பணி ஓய்வு நெருங்கியபோது, இனியாவது அங்கே போய் அவர்களோடு இருக்கலாமே என்று மதியச் சாப்பாட்டில் நாங்கள் கேட்டோம். கப் நூடுல்ஸின் மூடியைத் திரும்ப மூடி வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்:

"அனுப்புறதுக்கு ஒண்ணும் இல்லாதவன் போய் அங்க என்ன பண்றது? அவங்க வாழ்க்கையில எனக்கு இருந்த வேலை அதுதான்."

எப்போது அங்கே வருவீர்கள் என்று மகள் கேட்டதற்கு, வங்கியில் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கச் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதிவிட்டதையும் அன்றுதான் சொன்னீர்கள். வங்கி அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதைத் தலைமையகத்தின் மடல் இன்று அழகாகவே எடுத்துரைத்தது. நாளை முதல் நீங்கள் தனியாகக் குடியிருக்கும் அந்த ஒற்றை அறையிலேயே நாள் முழுதும் இருப்பீர்கள். அவர்கள் நீங்கள் இங்கே வேலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்களும் அழைக்கமாட்டார்கள், தேவையில்லை என்று நீங்களும் அழைக்கமாட்டீர்கள். அம்மா சொல்லியிருப்பாள், மகள் சொல்லியிருப்பாள் என்று கணக்கு ஒன்று மூடிப்போன வீட்டில், இந்தக் கணக்கும் அதேபோல் மூடிப்போய்விடும் என்று நாங்கள் அஞ்சுகிறோம்.

எனவே, ஐயா, எங்கள் பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள். தலைமையகம் கொடுத்த ஜின்செங் வேர்ப் பெட்டியைப்போல் அது கனமாக இராது. ஷட்டரை இறக்குவதற்கு முன் இயந்திரத்தில் கடைசியாகக் கிழித்த டோக்கன் உங்கள் பெயரில் இருக்கிறது. இந்த மடலைக் கையில் கொடுத்ததும் பே உன்-ஹ்யே பொத்தானை அழுத்துவார், எண் விளக்கு எரியும். இந்த முறை உங்களுக்குப் பின்னால் எவரும் இல்லை; சீட்டை நீட்ட ஆளில்லை. நீல நாற்காலியைச் செடியருகிலேயே போட்டிருக்கிறோம். அங்கே இரவு ஒன்பதுதான் ஆகியிருக்கும், தூங்கியிருக்கமாட்டார்கள்; எந்த ஊரில் என்ன நேரம் என்று எங்களுக்கு மனப்பாடம் ஆக்கியவர் நீங்கள்தானே.

உடல் உரம் குன்றாமல், உள்ளம் ஒடுங்காமல், கப் நூடுல்ஸ் அல்லாத உணவை உண்டு, ஒரு மேசையில் குறைந்தது இன்னொருவர் எதிரே இருக்க, நெடுநாள் நீங்கள் நலமுடன் வாழவேண்டும் என்று நெஞ்சார விழைகிறோம். அதற்கான தொடக்கக் கட்டணம் ஒரு போன் அழைப்பு. எதையும் அனுப்பவேண்டாம். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், வேலை முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பேசுவார்கள்.

அழைப்பதற்கு முன் விதிப்படி இரண்டு கேள்விகள் கேட்கப்படும். உறவு என்ன? அந்தப் பதில் உங்களுக்குத் தெரியும், அது மாறவில்லை. எதற்காக? வாழ்க்கைச் செலவு என்று இன்று சொல்லாதீர்கள், படிப்பு என்றும் சொல்லாதீர்கள். "சும்மாதான்" என்று சொல்லுங்கள். எங்கள் படிவத்தில் அப்படியொரு காரணம் கிடையாது. இன்றைக்கு மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
வொன்கோக் ஞாயிற்றுக்கிழமை கவுண்டரில்
உங்கள் எண்ணை அழைக்கக் காத்திருக்கும்
பே உன்-ஹ்யே
துயெட்
நிர்ஜல் ராய் (எழுதி வாசித்தவன்)